ரீகமிட், ரீ-அப், சைன் ஆன்: எதை எங்க சொல்றது?

கேள்வி, ஜூன் 9, 2025 (சிங்கப்பூர் ஈசூன்லேர்ந்து ஒரு தம்பி)

வணக்கம். எங்க பாஸ் போன வாரம் ஒரு இமெயில் அனுப்பினாரு. கடைசி வரி 'வீ நீட் யூ டு ரீகமிட் டு தி டீம்'. அகராதியில தேடினா மீண்டும் உறுதி எடுப்பதுன்னு போட்டிருக்கு. அப்ப நல்ல வார்த்தைதானே? பதில்ல 'ஐ ரீகமிட்' னு எழுதி அனுப்பிடலாம்னு இருக்கேன். ரினியூ, ரீ-அப், சைன் ஆன் எல்லாமே இதே அர்த்தம்தானே? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 9, இரவு 11.35

அனுப்பாதீங்க தம்பி. இன்னிக்கு ராத்திரி கண்டிப்பா வேணாம்.

'ஐ ரீகமிட்' னு நீங்க எழுதினா, நடுவுல கொஞ்ச நாள் மனசு இங்க இல்ல, இப்பதான் திரும்ப வர்றேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இமெயில் அழியாது. நாளைக்கு அப்ரைசல் நேரத்துல யாராச்சும் அதை எடுத்துப் பாத்தா, அப்ப எப்ப விட்டுப்போச்சுன்னுதான் முதல் கேள்வி வரும். உங்க பக்கம் ஒரு குறையும் இல்லைன்னா 'ஐ ரிமெய்ன் கமிட்டட்' னு எழுதுங்க. இருந்தேன், இருக்கேன், இருப்பேன், மூணும் அதுல வந்துடுது.

மிச்சத்தை நாளைக்கு எழுதுறேன், காலைல ஷிஃப்ட்.

ஜூன் 10, காலை 7.05

ரயில்ல நின்னுக்கிட்டு டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

நீங்க கேட்ட நாலு வார்த்தையும் ஒண்ணு இல்ல. ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுப் பாருங்க: இதுக்கு முடிவு தேதி உண்டா? பாஸ்போர்ட்டுக்கு உண்டு, வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு உண்டு, நூலகப் புத்தகத்துக்கு உண்டு. அதனாலதான் அதை எல்லாம் ரினியூ பண்றோம், யாரும் அதைத் தப்பா நினைக்கிறதில்ல, தேதி முடிஞ்சா புதுப்பிக்கத்தானே வேணும். ரீ-அப் னு சொல்றதும் அதே வகைதான், அது அமெரிக்க ராணுவத்துப் பேச்சு, இத்தனை வருஷத்துக்குன்னு சேர்ந்தவன் அந்தக் கெடு முடியுற நேரத்துல இன்னொரு கெடுவுக்குக் கையெழுத்து போடுறது. இப்ப அங்க விளையாட்டுச் செய்தியிலயும் வருது, ஆட்டக்காரர் அதே கிளப்போட ரீ-அப் பண்ணிட்டாருன்னு எழுதுவாங்க. தெருப் பேச்சுல போதைப்பொருள் சரக்கு தீர்ந்து மறுபடி வாங்கறதுக்கும் அதே வார்த்தைதான், அதனால ஆபீஸ் கடிதத்துல அந்தப் பக்கமே போக வேணாம்.

ரீகமிட்டுக்கு முடிவு தேதி கிடையாது. டீமுக்கு நீங்க குடுத்த வாக்குக்கு என்ன எக்ஸ்பைரி? இல்லைல்ல. தேதியே இல்லாத ஒண்ணை ஏன் திரும்பக் குடுக்கணும்? உடைஞ்சிருக்கணும், இல்ல தளர்ந்திருக்கணும், இல்ல அப்படித் தெரியுதுன்னு எதிர்ல இருக்கறவரு நினைக்கணும். உங்க பாஸ் வரியில எனக்கு உறுத்துறது அதுதான்.

இறங்கணும். பாய லேபார் வந்துடுச்சு.

ஜூன் 10, இரவு 10.20

சைன் ஆன் பத்தி எழுதாம எனக்குத் தூக்கம் வராது, ஏன்னா நான் அதைப் பண்ணினவன்.

சிங்கப்பூர்ல பிறந்து வளர்ந்த பையன்கிட்ட 'சைன் ஆன் பண்ணிட்டியா' ன்னு கேட்டா அதுக்கு ஒரே அர்த்தம்தான். தேசிய சேவையோட நிக்காம ராணுவத்திலயோ போலீஸ்லயோ குடிமைத் தற்காப்புப் படையிலயோ முழுநேர வேலையா சேர்றது. தேசிய சேவை 1967ல வந்த சட்டம், 18 வயசுல கூப்பிட்டா போகணும், உனக்கு விருப்பமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதனால அங்க கமிட் ங்கிற பேச்சே கிடையாது, சர்வ் பண்றோம் அவ்வளவுதான். விருப்பம்னு ஒண்ணு வர்றது சைன் ஆன்ல மட்டும்.

எனக்கு ஓஆர்டி, அதாவது தேசிய சேவை முடியுற நாள், நெருங்குற நேரம். பெரியவங்க அதை இன்னும் ஆர்ஓடி ம்பாங்க, பேரு மாறிடுச்சு, நாள் எண்ணுறது மாறல. எங்க ராணுவக் கம்பெனியில ஒரு என்சிக் இருந்தாரு. தெரியாதவங்களுக்கு: என்சிக் னா மலாய்ல ஐயா மாதிரி, வாரன்ட் ஆபீசரை அப்படித்தான் கூப்பிடுவோம், அவரு சீனரா இருந்தாலும் தமிழரா இருந்தாலும் என்சிக்தான். அவரு என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டாரு. திட்டு விழப்போகுது, எக்ஸ்ட்ரா சைன் பண்ணச் சொல்லப்போறாருன்னு நினைச்சுதான் போனேன். எக்ஸ்ட்ரா சைன் பண்றதுன்னா தண்டனைக் காவல், வாரக்கடைசியில வீட்டுக்குப் போக முடியாது. அவரு எதுவும் சொல்லாம எதிர்ல உக்காரச் சொல்லி, மேசையில இருந்த மைலோ பாக்கெட்டைத் தள்ளி விட்டாரு. அப்புறம், 'உனக்குப் பசங்களைக் கட்டி மேய்க்கத் தெரியுது, யோசிச்சு சொல்லு' ன்னாரு. அவ்வளவுதான். பணம், போனஸ் எதையும் அவரு எடுக்கல. அதெல்லாம் பின்னாடி வேற ஒருத்தர் வந்து பேசினாரு.

வீட்டுல அம்மா அழுதாங்க. அப்பா ரெண்டு நாளு பேசல, மூணாவது நாளு கோப்பிக்கடைக்குக் கூட்டிப் போயி தே தாரிக் வாங்கிக் குடுத்து 'கையெழுத்து போட்டா பாதியில வர முடியாதுடா' ன்னு மட்டும் சொன்னாரு. போட்டேன்.

முதல் கெடு முடியுற சமயத்துல திரும்பக் கேட்டாங்க. அப்ப யாரும் ரீகமிட்னு சொல்லல. எக்ஸ்டெண்ட் பண்றியா, இதுதான் கேள்வி. நானும் எக்ஸ்டெண்ட் பண்றேன்னுதான் சொன்னேன். அதுல எந்தக் கூச்சமும் இல்ல, ஏன்னா ஒரு குத்தமும் நடக்கல, காலம்தான் முடிஞ்சுச்சு. இது புரிஞ்சா உங்க கேள்விக்குப் பாதி பதில் வந்துடும் தம்பி.

ஜூன் 11, மதியம் 12.50

மேல ஒருத்தர் எழுதியிருக்காரு, லண்டன்ல இருக்கற தன் தம்பிகிட்ட 'சைன் ஆன் பண்ணிட்டேன்' னு சந்தோஷமா சொன்னப்ப அவன் பதறிட்டானாம். பதறத்தான் செய்வான். பிரிட்டன்ல சைன் ஆன் னா வேலையில்லாதவங்க அரசாங்க உதவித்தொகைக்குப் பேரைப் பதியறது. இங்க வேலை கிடைச்சா சைன் ஆன், அங்க வேலை போனா சைன் ஆன். வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதும்போது 'ஜாய்ன்ட் தி ஆர்மி அஸ் எ ரெகுலர்' னு எழுதிடுங்க, வம்பே இல்ல.

ஜூன் 11, இரவு 9.45

கமிட்டுக்கு இத்தனை அர்த்தம் எப்படி வந்துச்சுன்னு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க.

லத்தீன்ல மித்தெரே ன்னா அனுப்பு. அதுலேர்ந்து வந்த கமிட்டுக்கு, ஒருத்தர் கையில ஒப்படைக்கிறது, ஒரு இடத்துக்கு அனுப்பி வைக்கிறதுதான் பழைய அர்த்தம். கைதியைச் சிறைக்கு கமிட் பண்றாங்க. நம்ம நாடாளுமன்றத்துல ஒரு மசோதா ரெண்டாம் வாசிப்பு முடிஞ்சதும் முழு அவையும் குழுவா உக்காந்து ஒவ்வொரு பிரிவா பாக்கணும், அப்ப பதிவேட்டுல அந்த மசோதாவைக் குழுவுக்கு கமிட் பண்ணியாச்சுன்னு எழுதுவாங்க. கமிட்டிங்கிற வார்த்தையே அந்தக் குடும்பம்தான். குழுவுலேர்ந்து வந்த மசோதாவுல இன்னும் ஏதோ சரியில்லைன்னு பட்டா மறுபடி அங்கயே அனுப்பலாம், அதுக்குப் பேருதான் ரீகமிட். அந்தச் செயலுக்கு ரீகமிட்டல் னு ஒரு பெயர்ச்சொல் உண்டு. மனசால எடுக்கிற உறுதிக்கு ரீகமிட்மெண்ட். ரெண்டையும் மாத்திப் போட்டா சட்டம் படிச்சவங்க சிரிப்பாங்க.

அதனால ரீகமிட்டோட மூத்த வேலை திருப்பி அனுப்புறதுதான். மசோதாவும் சரி கைதியும் சரி, ஏதோ ஒண்ணு முடியாமப் போனதாலதான் திரும்பப் போகுது. மனசு சம்பந்தப்பட்ட அர்த்தம் பிற்பாடு வந்தது, ஆனா அந்த பழைய வாசனை இன்னும் அதுல ஒட்டிக்கிட்டு இருக்குங்கிறது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவுல பள்ளிக்கூட விளையாட்டுக்காரங்க ஒரு காலேஜுக்கு வர்றேன்னு வாக்கு குடுத்தா கமிட். மனசு மாறினா டீகமிட். சுத்திட்டு பழைய காலேஜுக்கே வந்தா ரீகமிட். அங்கயும் பாருங்க, நடுவுல விலகல் இருந்தாதான் மூணாவது வார்த்தைக்கு இடம் வருது.

ஜூன் 11, இரவு 10.10

ஒண்ணு விட்டுட்டேன். திருச்சியிலேர்ந்து வந்து எங்க ஆபீஸ்ல வேலை பாக்குற பையன் இருக்கான், ரொம்ப நல்ல பையன். இந்த இழையைக் காட்டினேன். படிச்சதும் அவன் கேட்ட முதல் கேள்வி, 'ஏண்ணே, பாஸுக்கும் அவருக்கும் முன்னாடி பிரேக்கப் ஆச்சா?' தமிழ்நாட்டுல கமிட் ஆயிட்டான்னா காதல்ல விழுந்துட்டான். ரீகமிட்னா பழைய ஆளோட சேர்ந்துட்டான். நம்ம ஊர்ல கமிட்மெண்ட் நெறய இருக்குன்னா மாசாமாசம் கட்ட வேண்டிய வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளை டியூஷன். ஒரே வார்த்தை, கடலைத் தாண்டினதும் லவ்வு லோனா மாறிடுது.

ஜூன் 13, இரவு 11.00

கிளிமெண்டிலேர்ந்து ஒரு அக்கா மறுத்து எழுதியிருக்காங்க. தளர்ச்சி இல்லாமலும் உறுதியை ரினியூ பண்ணலாம், கல்யாண உறுதிமொழியை 25ஆம் வருஷம் தேவாலயத்துல மறுபடி எடுக்கிறாங்களே, அவங்க என்ன பிரிஞ்சா போனாங்கன்னு கேக்குறாங்க.

நியாயமான கேள்வி அக்கா. ஆனா நீங்களே உங்க மறுப்புல பயன்படுத்தின வினை ரினியூ. ரினியூ தி வவ்ஸ் ம்பாங்க, ரீகமிட் தி வவ்ஸ்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தம்பதிக்கு நடுவுல ரீகமிட்டட் டு த மேரேஜ் னு எங்கயாச்சும் படிச்சீங்கன்னா, பெரும்பாலும் கவுன்சலிங் போயி ஏதோ ஒரு கஷ்டத்தைத் தாண்டி வந்த கதையாத்தான் இருக்கும்.

நம்மகிட்ட அறுபதாம் கல்யாணம் இருக்கு, கணவருக்கு அறுபது நிறைஞ்சதும் ஹோமம் வளர்த்து, கலச நீர் ஊத்தி, பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க முன்னாடி திரும்பத் தாலி கட்டுறது. தமிழ் வருஷம் அறுபதும் ஒரு சுத்து சுத்தி அவரு பிறந்த வருஷத்துப் பேரே திரும்ப வர்றதால அந்தச் சடங்கு. முறிஞ்சதை ஒட்டுற வேலை அதுல இல்ல, ஒரு சுற்று நிறைஞ்சதுக்கான மரியாதை. போன வருஷம் எங்க பெரியப்பாவுக்கு நடந்துச்சு, பெரியம்மா வெக்கப்பட்ட வெக்கம் இருக்கே, அத்தை அவங்க முகவாயைப் பிடிச்சு நிமிர்த்தி விட்டுக்கிட்டே இருந்தாங்க, பெரியப்பா மூணாவது முடிச்சுக்குத் தடுமாறி எங்க அக்காதான் பின்னாலேர்ந்து போட்டாங்க. அங்க யாராச்சும் ரீகமிட்னு சொல்லியிருந்தா பெரியம்மாவே எழுந்து போயிருப்பாங்க.

ஜூன் 14, காலை 8.30

ராத்திரி எழுதினதுக்கு ஒரு ஒட்டு.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவங்களைப் பாருங்க. நெறய பேரு மூணு வருஷம்னு வேண்டிக்குவாங்க. மூணாவது வருஷம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்து முடிச்சு, அலகு எல்லாம் எடுத்து, கால் கழுவி உக்காந்திருப்பான். கேட்டா 'இல்லண்ணே, இன்னொரு மூணு வருஷம் எடுக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்' ம்பான். அதுதான் அசல் ரீ-அப். கெடு வச்ச நேர்த்திக்கடன், கெடு முடிஞ்சது, இன்னொரு கெடு. என் மச்சான் அப்படித்தான் போயிக்கிட்டே இருக்கான், அவன் பால்குடத்துல ஆரம்பிச்சவன்.

நடுவுல ஒரு வருஷம் எடுக்க முடியாமப் போயி, மனசுல அது உறுத்தி, அடுத்த வருஷம் முருகன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு மறுபடி மாலை போடுறான்னு வைங்க. அதுக்குத்தான் ரீகமிட் பொருந்தும். ரெண்டு பேரும் அதே சாலையில அதே வெயில்ல நடக்கிறாங்க, ஆனா ரெண்டு பேரு மனசும் வேற.

ஜூன் 17, இரவு 9.15

ஈசூன் தம்பி திரும்ப வந்து எழுதிட்டாரு, நல்ல சேதி. பாஸ்கிட்ட நேர்லயே கேட்டிருக்காரு. டீம்ல ரெண்டு பேரு வேலையை விட்டுப் போயிட்டதால எல்லாரும் சோர்ந்து கிடக்கிறாங்க, அதனால மிச்சம் இருக்கிற அத்தனை பேருக்கும் அதே இமெயில், அதே வரி. இவரு மேல தனியா எந்தக் குறையும் இல்ல.

நேர்ல கேட்டதுக்குப் பாராட்டணும் தம்பி. பாதிப் பேரு கேக்காம உள்ளயே புழுங்கிக்கிட்டு கடைசியில வேலையை விட்டுடுவாங்க.

ஆனா அந்த வரி இப்பவும் சரியில்லைங்கிறதுதான் என் கருத்து. எழுதினவரு நல்லவரா இருக்கலாம், எழுதின விதம் தப்பு. குழு முழுசுக்கும் சொல்லணும்னா 'லெட் அஸ் ரீகமிட்' னு எழுதியிருக்கணும். அவரும் அதுல உள்ள வந்துடுவாரு, யாருக்கும் சுருக்குனு இருக்காது. 'வீ நீட் யூ' ன்னு ஆரம்பிச்சதுல அவரு ஒரு கரை, நீங்க எல்லாம் எதிர்க் கரைன்னு ஆயிடுச்சு. அதே ரீகமிட், முன்னாடி நிக்கிற ஆள் மாறினதும் குணம் மாறிடுது. நீங்கன்னு சொன்னா குறை. நான்னு சொன்னா ஒப்புதல். நாமன்னு சொன்னாதான் அது உறுதிமொழி.

நம்ம தேசிய உறுதிமொழியையே எடுத்துக்குங்க. 1966ல சி. ராஜரத்தினம் வரைவு எழுதி, அந்த வருஷம் ஆகஸ்ட்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க சொல்ல ஆரம்பிச்சது. அன்னிலேர்ந்து காலைல கொடியேத்துறப்ப தினம் சொல்றாங்க. தினமும் சொல்றதால பிள்ளைங்க நேத்து நாட்டை விட்டுக் குடுத்துட்டாங்கன்னு அர்த்தமா? இல்ல. ஏன்னா ஆரம்பமே 'சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்'. நாங்கள் இல்ல, நாம். கேக்கறவரும் சொல்றவரும் ஒண்ணா நிக்கிறாங்க. ஆங்கிலத்துல 'வீ' ன்னா ரெண்டுக்கும் அதே சொல்தான், யாரு உள்ள யாரு வெளியன்னு பிரிச்சுக் காட்டாது. தமிழ் அதைப் பிரிச்சுக் காட்டிடுது. நான் தமிழ் வகுப்புல உறுதிமொழியை மனப்பாடம் பண்ணினவன், 'உறுதி மேற்கொள்வோமாக' ங்கிற கடைசி வார்த்தை வரும்போது எங்க ஆசிரியை குரலை ஒரு படி ஏத்துவாங்க, மொத்த வகுப்பும் கூடவே ஏறும். இன்னிக்கும் தேசிய தினத்துல டிவியில கேட்டா உதடு தானா அசையுது.

ஜூன் 20, இரவு 10.40

இத்தனை நாளா ரீகமிட்டைக் குத்தம் சொல்லியே எழுதியிருக்கேன், அதுக்குன்னு ஒரு நல்ல இடமும் இருக்கு, அதைச் சொல்லலைன்னா அநியாயம்.

எங்க சித்தப்பா பையன் உறுமி மேளக் குழுவுல இருந்தான். நல்ல கை. கூட்டாளிங்க சகவாசம், ராத்திரி வேலை, ஒரு கட்டத்துல பயிற்சிக்கு வர்றதையே நிறுத்திட்டான். போன் பண்ணினா எடுக்க மாட்டான். குழுத் தலைவரு அவனோட உறுமியை யாருக்கும் குடுக்காம துணி சுத்தி அலமாரி மேல வச்சிருந்தாரு. ரொம்ப நாள் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வந்து நின்னான். அவரு ஏன் வரலைன்னு கேக்கல. 'தோல் தளர்ந்திருக்கும், இழுத்துக் கட்டிட்டு உக்காரு' ன்னு மட்டும் சொன்னாரு. அவன் கயித்தை இழுத்து இழுத்துத் தட்டிப் பாத்துக்கிட்டே இருந்தான், கண்ணு நிறைஞ்சுடுச்சு. அன்னிக்கு ராத்திரி குழு வாட்ஸ்அப்ல இங்கிலீஷ்ல ஒரே வரிதான் போட்டான், 'ஐ அம் ரீகமிட்டிங் டு திஸ்'. அந்த இடத்துல வேற எந்த வினையும் நிக்காது. ரிமெய்ன் கமிட்டட் னு போட்டிருந்தா பொய். ரினியூன்னு போட்டிருந்தா மெம்பர்ஷிப் கட்டணம் கட்டின மாதிரி இருக்கும். விட்டேன், வந்துட்டேன், இனி விட மாட்டேன்னு சொல்ற தைரியம் இருக்கறவனுக்குன்னே இருக்கிற வார்த்தை அது.

அதனால ரீகமிட் கெட்ட வார்த்தை இல்ல. விட்டுப் போனவன் தானா எடுத்துச் சொல்ல வேண்டிய வார்த்தை. அடுத்தவன் அவன் வாயில திணிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூன் 24, மதியம் 1.15

'டபுள் டவுன்', ரீகமிட் ரெண்டும் ஒரே அர்த்தமான்னு கேட்டவருக்கு: இல்ல. அது பிளாக்ஜாக் சூதாட்டத்துல வர்றது, பந்தயத்தை ரெண்டு மடங்காக்கி இன்னும் ஒரே ஒரு சீட்டு வாங்கறது. செய்தியில பெரும்பாலும் தப்புன்னு எல்லாரும் சொன்ன பிறகும் ஒருத்தர் விடாப்பிடியா நிக்கிறதுக்குப் போடுறாங்க. பாஸுக்கு எழுதாதீங்க.

ஜூலை 1, இரவு 10.30

இன்னிக்கு ஆயுதப்படை தினம், அதனால அக்காவோட பழைய கேள்விக்கு இன்னொரு பதில் கிடைச்சிருக்கு.

வருஷா வருஷம் ஜூலை 1 முகாம்ல உறுதிமொழியைத் திரும்ப எடுப்போம். அந்தச் சடங்குக்குப் பேரு ரீடெடிகேஷன். ரீகமிட்மெண்ட்னு வைக்கல பாத்தீங்களா. ரீடெடிகேட் னா தன்னையே மறுபடி அர்ப்பணிக்கிறது, அதுல விலகினவன் விலகாதவன்ங்கிற கணக்கே வராது. அன்னிக்குக் காலைல ரிக்ரூட்டும் ஒரே சொல்லைச் சொல்லுவான், முப்பது வருஷம் ஓட்டின என்சிக்கும் அதே சொல்லைச் சொல்லுவாரு. மலாய்ல 'செடியா' ன்னு கட்டளை விழுந்ததும் மைதானம் முழுக்க பூட்ஸ் சத்தம் ஒண்ணா விழும், பின்னாடி மரத்துல இருக்கிற மைனா எல்லாம் எழுந்து பறக்கும், அப்புறம் ஒரு அமைதி, அதுக்கப்புறம்தான் உறுதிமொழி. எனக்குப் பக்கத்துல நின்னவன் ஒவ்வொரு வருஷமும் 'அதிபருக்கும் குடியரசுக்கும்' ங்கிற இடம் வரும்போது தோளை நேராக்குவான். ஏண்டான்னு கேட்டதுக்கு 'என் அப்பா குடியுரிமை வாங்கினப்ப நான் பக்கத்துல நின்னேன், அது ஞாபகம் வருது' ன்னான்.

சபை நடுவுல, எல்லாரும் சேர்ந்து, குறிச்ச நாள்ல சொல்றதா இருந்தா ரீடெடிகேட் போடலாம். கோயில் சங்கமோ தமிழ் மன்றமோ ஆண்டுவிழா உரை எழுதறவங்களுக்கு இது உதவும். ஒரு தனி ஆளு தன் மேனேஜருக்கு ஐ ரீடெடிகேட் மைசெல்ஃப் னு எழுதினா மட்டும் கொஞ்சம் சாமியாராப் போற மாதிரி இருக்கும்.

ஜூலை 3, இரவு 9.50

மாமா வயசுக்காரங்க ரெண்டு பேரு தனிச்செய்தி அனுப்பியிருக்கீங்க, ரிடையர்மெண்ட் வயசு வருது, கம்பெனிக்கு எழுதற கடிதத்துல ரீகமிட் போடலாமான்னு. எல்லாருக்கும் பயன்படும்னு இங்கயே சொல்றேன்.

வேணாங்க. சட்டத்துல அதுக்குன்னு சொந்த வார்த்தை இருக்கு: ரீ-எம்ப்ளாய்மெண்ட், மறுவேலை. 2012லேர்ந்து அந்தச் சட்டம் அமல்ல இருக்கு. 2025ல ஓய்வு வயசு 63, மறுவேலை வயசு 68. 2026 ஜூலை 1லேர்ந்து அது 64, 69. சிங்கப்பூரரா இல்ல நிரந்தரவாசியா இருந்து, வேலையும் உடம்பும் நல்லா இருந்தா, தகுதி உள்ளவங்களுக்கு முதலாளிதான் மறுவேலை தர முன்வரணும். அப்படி இருக்கும்போது நீங்க எதுக்கு வாக்கை மீட்டெடுக்கிற மாதிரி எழுதணும்? இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க. 'ஐ வுட் லைக் டு கன்டினியூ' போதும். தொடரணும்னு ஆசைப்படுறேன், நேரா, மரியாதையா.

எங்க மாமா ஒரு கிடங்குல ஸ்டோர்கீப்பர். அவரு எழுதி வச்சிருந்த கடிதத்துல 'ஐ ப்ராமிஸ் டு ரீகமிட் மை ஃபுல் சர்வீஸ்' னு இருந்துச்சு, மேசைமேல கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு எங்கிட்ட நீட்டினாரு. மாமா, நீங்க என்னிக்கு மாமா அரைகுறையா வேலை பாத்தீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரே பேனாவை எடுத்து அந்த வரியை அடிச்சாரு. எனக்கு அந்த வார்த்தை மேல இவ்வளவு கோபம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். உழைச்சு ஓடா தேய்ஞ்ச மனுஷன், இங்கிலீஷ்ல எழுதணும்ங்கிற பதட்டத்துல தன்னையே குறைச்சு எழுதிக்கிறாரு.

ஜூலை 5, காலை 9.20

கடைசியா வந்த கேள்வி, அக்கா மகள் பள்ளிக்கூடக் கட்டுரையில 'ரீகமிட் டு இம்ப்ரூவ்' னு எழுதி சிவப்பு மை வட்டம் வாங்கிட்டு வந்திருக்காளாம், ஏன்னு கேக்குறாங்க.

ரீகமிட்டுக்குப் பின்னாடி வர்ற 'டு' வேற்றுமை உருபு மாதிரி, நம்ம 'க்கு'. அதனால அதுக்கப்புறம் பெயரோ பெயர் மாதிரி வர்றதோ போடுறதுதான் வழக்கம்: ரீகமிட் டு மை ஸ்டடீஸ், ரீகமிட் டு இம்ப்ரூவிங். ரீகமிட் மைசெல்ஃப் டு ன்னு நடுவுல மைசெல்ஃப் போட்டாலும் சரிதான், அது பழைய முறை, கட்டுரைக்குக் கொஞ்சம் கனமாவும் இருக்கும். இறந்தகாலத்துலயும் இங்-லயும் கடைசி 'ட்' டுக்கு ரெண்டு எழுத்து, ரீகமிட்மெண்ட்ல மட்டும் ஒண்ணு. டீச்சர் போட்ட வட்டம் சரி, அவளை அந்த வரியை மட்டும் மாத்தி எழுதிட்டுப் போகச் சொல்லுங்க.